கத்திரி படாத கோட்டு

சென்ற மாதம் தம்பி மகன் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு வாடகைக் கோட்டு எடுத்திருந்தார்கள். சாக்லேட் நிறம், கழுத்தில் பட்டாம்பூச்சி மாதிரி ஒரு டை. கேக் வெட்டி முடித்த கையோடு கடை ஆள் மண்டப வாசலில் வந்து நின்றுவிட்டான். அடுத்த கல்யாணத்துக்கு அந்தக் கோட்டு உடனே சாயர்புரம் போக வேண்டுமாம். மாப்பிள்ளை வெறும் சட்டையோடு விருந்துக்கு உட்கார்ந்தான். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"ஏலே, பந்தி முடியுற வரைக்கும் பொறுக்க மாட்டியா?" என்றேன்.

"நான் என்னம்மா செய்ய, மொதலாளி சொல்லுதாரு" என்றான் அவன்.

தம்பி என் கையைப் பிடித்து அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போனான். "ஒனக்கு இத்தாலிக்காரர் கோட்டு ஞாபகம் வந்துட்டுக்கா. இனி நீ நிக்க மாட்ட" என்றான். அவன் சொன்னது சரிதான்.

பழைய துறைமுகத்துக்குப் பின்னால், உப்புக் காற்றில் சுவர்க்காரை உதிர்ந்துகொண்டே இருக்கும் எங்கள் தெருவில், பழைய கல்யாணப் போட்டோ மாட்டியிருக்கும் எந்த வீட்டில் போய்ப் பார்த்தாலும் மாப்பிள்ளை ஒரே கோட்டில்தான் நிற்பார். கருநீலக் கம்பளி. இரண்டு வரிசையாகப் பித்தளைப் பித்தான்கள், ஒவ்வொன்றிலும் ஒரு நங்கூரம். தோள்பட்டையில் தங்கச் சரிகைக் கோடுகள். முழங்காலுக்குக் கீழே வரை இறங்கும் நீளம். அடியில் கால்சட்டையும் இருக்கும், வேட்டியும் இருக்கும், அது அவரவர் வசதி. மூக்கும் மீசையும் வீட்டுக்கு வீடு மாறும், கோட்டு மாறாது.

அது வெள்ளைக்காரர்களின் கல்யாணக் கோட்டு என்று தெரு நம்பியது. உண்மையில் அது இத்தாலியக் கடற்படை அதிகாரி ஒருவரின் குளிர்காலக் கோட்டு. தோளிலிருந்த கோடுகள் அவருடைய பதவியைக் காட்டுபவை. இது என் அப்பாவுக்குத் தெரியும். ஆனால் தெரு ஆசையாகக் கேட்கும்போது அதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்கிற ஆள் அவர் இல்லை.

அப்பா கல்யாணத்துக்கு முன்னால் இங்கிலீஷ்காரன் சரக்குக் கப்பலில் வேலைக்குப் போனவர். இரண்டாம் உலகப் போர் நேரம். செங்கடலில் போய்க்கொண்டிருந்தபோது இத்தாலியப் போர்க்கப்பல் ஒன்று அந்தக் கப்பலை அடித்து மூழ்கடித்தது. எண்ணெய் மிதக்கும் தண்ணீரில் அப்பா ஒரு பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தார். விடிந்தபோது, அடித்த கப்பலே திரும்பி வந்து ஆட்களைத் தூக்கியது. அப்பா மேலே ஏறியபோது உடம்பில் பொட்டுத் துணி இல்லை. சுற்றிலும் ஆட்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கப்பலின் தலைவர், நரை மீசைக்காரர், தன் அறைக்குள் போய் ஆணியில் தொங்கிய கோட்டை எடுத்துவந்து அப்பாவுக்குப் போர்த்தி, மேல் பித்தானைத் தன் கையாலேயே மாட்டிவிட்டார். செங்கடல் வெக்கையில் கம்பளிக் கோட்டு.

"குளிருக்கு இல்ல, மானத்துக்கு" என்பார் அப்பா. இதைச் சொல்லும்போதெல்லாம் அவர் விரல் தானாகக் கழுத்துக்குக் கீழே பித்தான் இருக்கும் இடத்துக்குப் போய்விடும்.

அதன்பின் இத்தாலிக்காரர்கள் கையிலிருந்த ஒரு துறைமுகத்தில் அப்பா பல மாதம் கைதியாக இருந்தார். கோட்டுதான் பாய், கோட்டுதான் போர்வை. ஒரு நாள் இங்கிலீஷ் படை வந்து ஊரைப் பிடித்தது. அடைபட்டவர்கள் வெளியே வந்தார்கள், அடைத்தவர்கள் கைதியானார்கள். வரிசையாக நடத்திப்போன இத்தாலியர்களுக்கு நடுவில் அந்த அதிகாரியைப் பார்த்ததும் அப்பா கோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். அவர் வாங்கவில்லை. கோட்டை அப்பாவின் தோளிலேயே மறுபடி போட்டு, மேல் பித்தானை மாட்டி, நெஞ்சில் இரண்டு தட்டு தட்டிவிட்டு நடந்துவிட்டார்.

"பத்திரமா வச்சிரு, பெறகு வாங்கிக்கிடுதேன்னு அதுக்கு அர்த்தம்" என்பார் அப்பா.

"நீயே வச்சுக்கோன்னு குடுத்திருப்பாக. இவுக கெடந்து அடிச்சிக்கிடுதாக" என்பாள் அம்மா.

இந்த வழக்கு நான் பிறப்பதற்கு முன்பே தொடங்கி, தீர்ப்பில்லாமல் எங்கள் வீட்டில் நடந்துகொண்டிருந்தது. அப்பா பக்கம் ஒரே வாதம்தான். கையில் வாங்கியதைக் கையில் கொடுக்க வேண்டும். அந்த மனிதர் உயிரோடு இருக்கும்போதே கொடுக்க வேண்டும்.

ஊருக்குத் திரும்பிய அப்பா கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போகும் தோணியில் சேர்ந்து, பின்னால் அந்தத் தோணிக்கே தண்டலானார், அதாவது அதன் கேப்டன். கல்யாணத்துக்குக் கோட்டுப் போட்டுத்தான் மாதா கோயில் நடையில் ஏற வேண்டும் என்பது எங்கள் கடற்கரையில் அப்போதே வந்துவிட்ட வழக்கம். போர்க்காலத்தில் கோட்டுக்குத் துணி எங்கே கிடைக்கும்? இருந்ததைப் போட்டுக்கொண்டார். "தோள்ல தங்கத்தப் பாத்துட்டு, நான் பெரிய ஆபீசரக் கட்டுதேன்னு நெனச்சேன். மறுநாள் பாத்தா கருவாட்டு மூடைக்கு மேல உக்காந்து தோணி விடுதாக" என்று அம்மா கடைசி வரை சொல்லிக்காட்டுவாள். அப்பா கேட்டு ரசிப்பார்.

அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, முத்துக் குளிக்கிறவர். அடுத்து அவர் கேட்டார். பிறகு எதிர்வீடு, பிறகு மூலைவீடு. முத்துக்குளிப்பு நடந்த வருஷங்களில், அது முடிந்த கையோடு கல்யாணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். கோட்டு ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு வெயிலில் காயப்போட நேரமில்லாமல் ஓடும். அப்பா யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை. ஒரே ஒரு நிபந்தனை. கோட்டில் கத்திரி படக்கூடாது.

அந்த அதிகாரி நல்ல உயரம், நல்ல அகலம். எங்கள் மாப்பிள்ளைகள் கடல் வற்றவைத்த உடம்புக்காரர்கள். எங்கள் தெரு டெய்லர் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் அந்தக் கோட்டை விலாவிலும் கையிலும் உள்பக்கமாக மடித்து, ஓட்டுத்தையல் போட்டுப் பிடிப்பார். கல்யாணம் முடிந்ததும் பிரித்துவிடுவார். அடுத்த மாப்பிள்ளைக்கு வேறு அளவில் பிடிப்பார். ஒரு நூல் துணியைக்கூட வெட்டியதில்லை. "கால் இஞ்சு வெட்டுனா அம்சமா உக்காரும் அண்ணாச்சி" என்று அவர் கெஞ்சுவார். "அவுகளுக்கு உக்காரணும்" என்பார் அப்பா. அவ்வளவுதான் பேச்சு.

கோட்டு திரும்பி வரும்போது ஒரு பெட்டி மக்ரூனோடு வர வேண்டும் என்பது யார் வைத்த சட்டமோ தெரியாது. சின்ன வயதில் எனக்கும் தம்பிக்கும் மாப்பிள்ளைகள் மேல் இருந்த மரியாதைக்கு அதுதான் காரணம். அம்மா பித்தான்களைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, பைகளில் பாச்சை உருண்டை போட்டு, கோட்டை அலமாரியில் தொங்கவிடுவாள். அலமாரியைத் திறந்தால் அந்த வாசனை தெருமுனை வரை போகும். "யாருக்குளா கல்யாணம்?" என்று கேட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரி வந்துவிடுவாள்.

அப்பா மறக்கவில்லை. கொழும்பில் வெள்ளைக்காரக் கப்பல் எது நின்றாலும் அதில் இத்தாலிக்காரர் உண்டா என்று விசாரிப்பார். புதுத் துறைமுகம் கட்டி, பெரிய கப்பல்கள் கரையோரமாகவே வந்து கட்ட ஆரம்பித்த பிறகு அவருக்குப் புது நம்பிக்கை வந்தது. நான் கல்லூரி முடித்து வீட்டில் இருந்த காலம். கொட்டை முந்திரி இறக்க ஒரு கப்பல் வந்திருந்தது. அதன் கேப்டன் இத்தாலிக்காரர். கப்பல் ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்த்த எங்கள் தெருக்காரர் ஒருவரை நச்சரித்து, அப்பா அந்தக் கேப்டனை வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிவந்துவிட்டார்.

கேப்டன் தொந்தியும் சிரிப்புமாக உள்ளே நுழைந்தார். சுவரில் அப்பா அம்மாவின் கல்யாணப் போட்டோவைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றது. பக்கத்தில் போய்க் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். இவர் எங்கள் கடற்படையில் அதிகாரியா என்று என்னிடம் இங்கிலீஷில் கேட்டார். நான் விளக்குவதற்குள் மாமா அவரைக் கையைப் பிடித்துத் தன் வீட்டுக்கு இழுத்துப்போனார். அங்கும் ஒரு அதிகாரி. எதிர்வீட்டில் ஒருவர். மூலைவீட்டில் அண்ணன் தம்பி இரண்டு பேர். தெருவைச் சுற்றி வந்தபோது கேப்டன் கண்ணில் தண்ணீர் வர, தொந்தியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். செங்கடலில் எங்களுக்கு இத்தனை கமாண்டர்கள் இருந்திருந்தால் போரில் தோற்றே இருக்க மாட்டோம் என்றார். நான் அதை அப்படியே தமிழில் சொன்னேன். மாமா மீசையை நீவிக்கொண்டார்.

சாப்பிட்டுக் கை கழுவியதும் அப்பா கோட்டைக் கொண்டுவந்து மேசையில் விரித்தார். காலரின் உள்பக்கம் ஒரு துணிப்பட்டையில் பெயர் தைத்திருந்தது. கேப்டன் அதை வாசித்தார். பெயர் தெரிந்தவராக இல்லை. ஆனால் விசாரிக்கலாம் என்றார். பிறகு விலாப்பக்கம் வரிசை வரிசையாக இருந்த ஊசித்துளைகளை விரலால் தடவி, இதெல்லாம் என்ன என்று கேட்டார். ஒவ்வொரு வரிசையும் ஒரு கல்யாணம் என்று சொன்னேன். வாசலில் நின்ற டெய்லர், தன்மேல் ஏதோ புகார் என்று நினைத்து, "நான் வெட்டல, நூல் மட்டுந்தான் போட்டேன்னு சொல்லுங்கம்மா" என்றார்.

அந்தக் கப்பல் மறுபடி வந்தபோது என் கல்யாணம் நிச்சயமாகி, கோயிலில் ஓலை வாசித்து அறிவித்துக்கொண்டிருந்தார்கள். கேப்டன் தெருவில் வரும்போதே, சேதி இருக்கிறது என்று விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு வந்தார். கண்டுபிடித்துவிட்டார். அந்த அதிகாரி உயிரோடு இருக்கிறார். எண்பது தாண்டிவிட்டது, கடலோரம் ஒரு சின்ன ஊரில் மகள் வீட்டில் இருக்கிறார். கேப்டன் நேரில் போய் இரண்டு மூன்று தடவை பார்த்துப் பேசியிருக்கிறார்.

அப்பா நாற்காலியில் உட்காரவில்லை. நின்றுகொண்டே, "எல்லாத்தையும் கேளு" என்றார். அம்மா மாங்காய் போட்ட சீலா மீன் குழம்பைப் பரிமாறிக்கொண்டே இருந்தாள். கேப்டன் சாப்பிட்டுக்கொண்டே சொல்ல, நான் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன்.

மீசை முளைக்கும் முன்பே கடற்படைப் பள்ளியில் சேர்ந்தவராம். முதல் உலகப் போரில் இத்தாலிக்கு எதிரி அக்கரையிலிருந்த ஆஸ்திரியா. நடுவில் இருந்தது ஒடுக்கமான கடல். அவருக்குக் கிடைத்தது சின்ன மோட்டார் படகு. "நம்ம தோணியில பாதி இருக்குமாம்பா. அதுல போயி பெரிய கப்பல அடிச்சிட்டு ஓடியாந்துருவாகளாம்" என்றேன். அப்பா தலையாட்டினார். ஒரு தடவை எதிரிக் கப்பல் முழுகியபோது ஆட்கள் தண்ணீரில் கிடந்து கூப்பிட்டார்கள். நிற்காதே, போ என்று மேலதிகாரி உத்தரவு. படகு நிற்கவில்லை. அதற்குப் பிறகு சீனா வரை போனார், பதவி உயர்ந்தது, கல்யாணம் ஆயிற்று, மகள் பிறந்தாள், மனைவி சீக்கிரம் போய்ச் சேர்ந்தாள். அந்தக் குரல்கள் மட்டும் காதைவிட்டுப் போகவே இல்லை என்று கிழவர் கேப்டனிடம் சொன்னாராம்.

"அதுக்குத்தான் நம்மள எடுக்கத் திரும்பி வந்திருக்காக" என்றார் அப்பா.

திரும்பி வந்ததற்கு மேலிடம் அவரிடம் விளக்கம் கேட்டிருக்கிறது. ஆளெடுக்க நின்ற நேரத்தில் எதிரி வந்து அடித்திருந்தால் உன் ஆட்கள் கதி என்ன என்று. கேள்வியில் தப்பு சொல்ல முடியாது. அவர் பதில் எழுதுவதற்குள் துறைமுகமே கைவிட்டுப் போய்விட்டது. போர் முடிந்து வீடு திரும்பியபோது நாட்டில் ராஜா இல்லை, மிச்சமிருந்த கப்பல்களையும் ஜெயித்தவர்கள் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். அவருக்கு அதற்குமேல் பதவி உயரவில்லை. எங்கள் மாப்பிள்ளைகள் தோளில் போட்டுக்கொண்டு போஸ் கொடுத்ததுதான் அவருடைய கடைசிப் பதவி.

"கைதியா எங்கன வச்சிருந்தாகளாம்?" என்று அப்பா கேட்டார்.

நான் கேட்டுச் சொன்னேன். எனக்கே அது புதிதாக இருந்தது. "நம்ம நாட்டுலதாம்பா. வடக்க, இமயமலை அடிவாரத்துல. போர் முடியுற வரைக்கும் அங்கனதானாம்."

"அங்கன குளிருமா?"

கேப்டன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் தோளைக் கட்டிக்கொண்டு நடுங்கிக் காட்டினார். இதற்கு என் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அப்பா அலமாரிப் பக்கம் பார்த்தார். அந்த வருஷங்களில் கோட்டு இங்கே பாச்சை உருண்டை வாசனையோடு கல்யாணம் கல்யாணமாகப் போய்க்கொண்டிருந்தது. தன் முன் வைத்த சோற்றை அப்பா அன்று தொடவில்லை.

அதைப் பார்த்துத்தானோ என்னவோ, கேப்டன் அவசரமாக மிச்சத்தைச் சொன்னார். கிழவர் சேதி அனுப்பியிருக்கிறார். எங்கள் ஊரில் வருஷா வருஷம் குளிர்காலம் வருகிறது, அவசரமில்லை, மெதுவாகக் கொண்டுவரச் சொல். இதைச் சொல்லிவிட்டு வெகுநேரம் சிரித்தாராம்.

அப்பாவின் முகம் மாறியதை நான் இன்றைக்கும் பார்க்கிறேன். அவர் அம்மா பக்கம் திரும்பினார். "கேட்டியாளா? கொண்டுவரச் சொல்லுதாக." இத்தனை வருஷ வழக்கில் அவருக்குத் தீர்ப்புக் கிடைத்துவிட்டது. அம்மா அவர் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தாள்.

இப்போதே கொடுங்கள், நானே கொண்டுபோய்ச் சேர்க்கிறேன் என்றார் கேப்டன். அப்பா யோசித்தார். என் கல்யாணத்துக்குச் சில நாள்தான் இருந்தது. எனக்கு அந்தக் கோட்டே பிடிக்காது. ஊரெல்லாம் போட்ட கோட்டை என் மாப்பிள்ளையும் போடுவதா என்று வீட்டில் சண்டை போட்டு, கடையில் புதுக்கோட்டுக்குத் துணிகூடப் பார்த்து வைத்திருந்தேன். அப்பாவுக்கு அது தாங்கவில்லை. தெரு முழுக்க அந்தக் கோட்டில் கல்யாணம் பண்ணியிருக்கிறது, சொந்த மகள் கல்யாணத்துக்கு அது இல்லாமலா?

"அவசரமில்லன்னுதான சொல்லியிருக்காக. கல்யாணம் முடியட்டும். அடுத்த நடை குடுத்து விடுதேன்" என்றார். பிறகு கேப்டனை எழுந்து நிற்கச் சொல்லி, அவர் தோளில் துண்டைப் போட்டு, கழுத்துக்குக் கீழே விரல் வைத்துக் காட்டினார். "சும்மா கையில குடுத்துட்டு வந்துரக் கூடாது. இப்பிடித் தோள்ல போட்டு, இந்த மேல் பித்தான மாட்டிவிடணும். அதையும் சொல்லுளா" என்றார். சொன்னேன். கேப்டன் நெஞ்சில் கைவைத்து ஒப்புக்கொண்டார்.

என் கணவர் அப்போது ஒட்டடைக்குச்சி. அவருக்கு உள்ளே மடித்துப் பிடித்த அளவு அதற்கு முன் யாருக்கும் பிடித்ததில்லை என்றார் டெய்லர். விலாவில் இரண்டு மடிப்பு, கையில் ஒரு மடிப்பு. சித்திரை வெயிலில் கம்பளிக்குள் அவர் வியர்த்துக் கொட்டியதில், மோதிரம் மாட்டும்போது கை வழுக்கியது. போட்டோவில் மட்டும் அம்சமாக இருக்கிறார். கப்பல் வரும் சேதி தெரிந்ததும் தையலைப் பிரித்துத் தருகிறேன் என்று டெய்லர் சொல்லிவிட்டுப் போனார்.

கப்பல் சேதி தெரியவே இல்லை. மழைக்காலத்தில் ஒரு நாள் கேப்டனே வாசலில் வந்து நின்றார். நான் பிறந்தவீட்டுக்கு வந்திருந்தேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அம்மா அதைப் பார்த்ததும் உள்ளே போய் மெழுகுதிரி எடுத்து வந்துவிட்டாள். அப்பாவுக்குத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

சொல்ல வேண்டியது நான். கிழவர் தூக்கத்திலேயே போய்விட்டார், நோவு ஒன்றுமில்லை என்று சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கேப்டன் சொன்னதை முழுக்கச் சொல்வதுதான் முறை என்று அடுத்ததையும் சொன்னேன். கோட்டு வரப்போகிறது என்று அக்கம்பக்கம் எல்லாரிடமும் சொல்லி, கிழவர் தன் அறையில் ஒரு ஆணி அடித்து வைத்திருந்தாராம்.

அப்பா அழவில்லை. தையல் பிரிக்காத கோட்டை எடுத்து அலமாரிக்குள் மாட்டி, பூட்டி, சாவியை அம்மா கையில் கொடுத்தார். அதன் பிறகு எந்தக் கல்யாணத்துக்கும் அது வெளியே வரவில்லை. "செத்தவுக கோட்டுல எப்பிடி மாப்பிள்ள நிக்க?" என்று சொல்லிவிட்டார். யாருக்கும் வருத்தமில்லை. கடைகளில் கோட்டு கிடைக்க ஆரம்பித்திருந்தது. அப்பா தோணிக்குப் போனார், வந்தார், பேரப்பிள்ளைகளைத் தூக்கினார், சிரித்தார். ஆனால் அந்தக் கதையை மட்டும் பிறகு ஒருநாளும் சொல்லவில்லை. நான் கேட்டதற்கும் "விடுளா" என்றுவிட்டார். எனக்கு அவர் மேலும் கோபம் வந்தது, அவசரமில்லை என்று சொல்லிவிட்டுப் போய்ச்சேர்ந்த அந்தக் கிழவர் மேலும் கோபம் வந்தது.

பல வருஷம் கழித்து அப்பா இறந்தார். தம்பி அப்போது கப்பல் வேலையில் இருந்தான். அவன் சிங்கப்பூரிலிருந்து வந்து சேர வேண்டியிருந்ததால் அப்பாவை ஐஸ் வைத்துக் கிடத்தியிருந்தோம். எங்கள் பக்கத்தில் ஆம்பிளையை அவருடைய கல்யாணக் கோட்டைப் போட்டுத்தான் பெட்டியில் வைப்பார்கள். கல்யாணத்துக்கு ஒருதரம், கல்லறைக்கு ஒருதரம். மாமா, எழும்ப முடியாத வயதில், கம்பு ஊன்றி வந்து உட்கார்ந்தார். எங்கள் தெருவில் அந்தக் கோட்டில் கல்யாணம் பண்ணியவர்கள் எல்லாம் பெட்டியில் போட்டுக்கொள்ளத் தங்களுக்குச் சொந்தக் கோட்டு இல்லையே என்று பிள்ளைகளிடம் குறைப்பட்டுக்கொண்டிருந்த காலம். அப்பாவுக்கு மட்டும் அது சொந்தமாக இருந்தது.

தம்பி வந்து அழுது ஓய்ந்ததும், "கோட்ட எடும்மா, போட்டுவிடுவோம்" என்றான்.

"போட வேண்டாம்" என்றாள் அம்மா.

"மாப்பிள்ளக் கோட்டு போடாம எப்பிடி அனுப்புறது?" என்றார் மாமா. சுற்றி இருந்தவர்களும் அதையே சொன்னார்கள். தம்பி, "அப்ப வீட்டுல ஞாபகமா வச்சிருக்கலாம்னு பாக்கியாம்மா?" என்று கேட்டான்.

அம்மா சாவியை என்னிடம் கொடுத்தாள். நான் கோட்டைக் கொண்டுவந்தேன். ஜன்னல் பக்கம் நல்ல வெயில். அவள் அங்கே உட்கார்ந்து கோட்டை மடியில் புரட்டிப்போட்டு, ஒரு ஊசியை எடுத்து, விலாப்பக்கத் தையலை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிரிக்க ஆரம்பித்தாள். என் கணவருக்காகப் போட்ட தையல். அத்தனை வருஷமும் அது பிரிக்கப்படாமலே இருந்திருக்கிறது. நூல் இற்றுப்போயிருந்தது, இழுத்ததும் வந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து கைமடிப்பைப் பிரித்தேன். என்ன செய்கிறாள் என்று அப்போதும் எனக்குப் புரியவில்லை.

முடித்ததும் அம்மா கோட்டை உதறித் தூக்கிப் பிடித்தாள். அப்படி ஒரு அகலத்தில் நான் அதைப் பார்த்ததே இல்லை. எங்கள் தெரு மாப்பிள்ளைகள் யாருக்கும் அது சேராது. அது முழுசாக அந்த இத்தாலிக்காரரின் அளவுக்குத் திரும்பியிருந்தது.

அப்பாவுக்கு வெள்ளைச் சட்டையும் வேட்டியும்தான் உடுத்தினோம். அம்மா பித்தான்களை ஒரு தடவை முந்தானையால் துடைத்து, கோட்டை மடித்து, அவர் கையைத் தூக்கி அதற்குள் வைத்தாள். தோணியிலிருந்து வீட்டுக்கு வரும்போது துணிமூட்டையை அவர் இடுக்கிக்கொண்டு வருவதுபோலவே இருந்தது.

அம்மா அவர் காதோரம் குனிந்தாள்.

"ரெண்டு பேரும் இப்ப அங்கனதான இருக்கீக. போனதும் மொதல்ல இதக் குடுத்துருங்க. மேல் பித்தான மாட்டிவிட மறந்துராதீக."

பெட்டியை மூடினார்கள். மூடும்போது பாச்சை உருண்டை வாசனை கிளம்பி வீட்டைத் தாண்டித் தெருமுனை வரை போனது. எங்கள் தெருவில் அந்த வாசனைக்குக் கல்யாணம் என்றுதான் அர்த்தம். நான் அதுவரை அழாமல் இருந்தேன்.